கரண்ட் போனால் என்ன செய்வது? செட்டிநாட்டு வீடுகளுக்கான பேட்டரி, சோலார், காற்றாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இன்வெர்ட்டர், சோலார் வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு வீட்டிலும் நின்று சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். கணக்குகள் எல்லாம் முழு எண்ணாக்கியவை; கடைக்குப் போகும் முன் ஒரு பிடி கிடைக்க இவை போதும்.

இன்வெர்ட்டர்ங்கிறாக, யு.பி.எஸ்.ங்கிறாக, சோலார்ங்கிறாக. இதுல கரண்ட்டைக் கொடுக்கிறது எது?

கரண்ட்டைச் சேர்த்து வைத்துக் கொடுப்பது பேட்டரி. அதில் இருக்கும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை வீட்டு ஃபேனும் லைட்டும் ஏற்கிற 230 வோல்ட்டாக மாற்றுவது இன்வெர்ட்டர். ஈ.பி. கரண்ட் இருக்கும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் அதுதான். யு.பி.எஸ். என்பது கரண்ட் போனதே தெரியாத வேகத்தில் மாறுகிற வகை. இப்போது வரும் வீட்டு இன்வெர்ட்டர்களில் அதற்கென்று ஒரு சுவிட்சே இருக்கிறது.

சோலார் பேனல், காற்றாடி, ஜெனரேட்டர் மூன்றும் கரண்ட்டை உண்டாக்குபவை. வெயில் இருந்தால் பேனல், காற்று இருந்தால் காற்றாடி, டீசல் இருந்தால் ஜெனரேட்டர். பேட்டரி எதையும் உண்டாக்காது. இந்த ஒரு வேறுபாடு மனதில் நின்றுவிட்டால் கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

எங்க வீட்டுக்கு எவ்வளவு பெரிய பேட்டரி வேணும்?

வீடு எவ்வளவு பெரியது என்பதை மறந்துவிடுங்கள். இரண்டு தெருவுக்கு நீளும் வீடாக இருந்தாலும், கரண்ட் இல்லாத நேரத்தில் ஆள் இருக்கிற அறை இரண்டோ மூன்றோதான். அந்த நேரத்தில் எது ஓடியே ஆக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பழைய வகை சீலிங் ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. எனப்படும், கரண்ட் குறைவாக எடுக்கும் புது வகை ஃபேன் 30 வாட். எல்.இ.டி. பல்பு 9 வாட். வைஃபை பெட்டி 10 வாட். டிவி அளவைப் பொறுத்து 60 முதல் 100 வாட்.

150 ஆம்பியர்-அவர், 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் கணக்குப்படி 1,800 வாட்-அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) இருக்கும். அதை முழுக்கக் காலி செய்தால் சீக்கிரம் போய்விடும். பாதி அளவோடு நிறுத்தினால் நெடுநாள் உழைக்கும். இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆக, மனம் கோணாமல் எடுக்கக்கூடியது 750 வாட்-அவர் என்று வையுங்கள். இரண்டு பழைய ஃபேன், நாலு பல்பு, ஒரு வைஃபை ஓடினால் கிட்டத்தட்ட 200 வாட்; நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஃபேன் இரண்டையும் பி.எல்.டி.சி.யாக மாற்றினால் மொத்தமே 106 வாட். ஏழு மணி நேரம் தாண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தி மாலையில் விடுகிறார்களே, அந்த ஒரு நாளைக்கு இது சரியாக இருக்கும்.

அதனால்தான் இரண்டாவது பேட்டரி வாங்க வருகிறவர்களிடம் முதலில் ஃபேனை மாற்றச் சொல்கிறேன். கரண்ட் போகாத நாளிலும் ஃபேன் மிச்சம் பிடித்துக்கொடுக்கும். இரண்டாவது பேட்டரியைச் சில வருடத்தில் மறுபடி வாங்க வேண்டும்.

டியூபுலர் வாங்கறதா, லித்தியமா?

டியூபுலர் என்பது தண்ணீர் ஊற்றுகிற ஈய-அமில பேட்டரி. விலை குறைவு, பழுது பார்க்கத் தெரிந்த ஆள் எல்லா ஊரிலும் உண்டு, பழையதைக் கொடுத்தால் கடையில் கழித்துக்கொள்வார்கள். லித்தியத்தில் வீட்டுக்கு ஏற்றது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. விலை கூடுதல். ஆனால் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்தாலும் தாங்கும், ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், சீக்கிரம் சார்ஜ் ஏறும்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை கரண்ட் போகிற வீட்டுக்கு டியூபுலரே போதும். சோலாரோடு சேர்த்து தினமும் பேட்டரியைப் புழங்கப் போகிறவர்கள் லித்தியம் வாங்கினால் போட்ட காசு திரும்பும். லித்தியம் என்றால் இன்வெர்ட்டரில் அதற்கான சார்ஜ் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய இன்வெர்ட்டரில் சும்மா மாட்டக்கூடாது.

நம் ஊருக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுத்து வந்த நிறுவனம்தான் நாம் சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953ல் திறந்தார்கள். ஈய பேட்டரி முதல் லித்தியம் வரை ஆராய்ச்சி நடக்கிற இடம். அறிவியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

பேட்டரியை எங்கே வைக்கிறது? வீடு பூரா ஆத்தங்குடிக் கல்லுப் போட்டிருக்கு.

நல்ல கேள்வி. கேட்காமல் வைத்தவர்கள்தான் அதிகம். ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்த சிமெண்ட். பேட்டரி அமிலம் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் நுரைத்து, வண்ணம் போய், பூவின் ஒரு இதழ் மட்டும் சொரசொரப்பாக நிற்கும். தேய்த்தாலும் எண்ணெய் போட்டாலும் அது திரும்பாது. டியூபுலர் வைப்பதாக இருந்தால் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டில் வைத்து, அதன் மேல்தான் தண்ணீர் ஊற்றும் வேலையெல்லாம். சிந்திவிட்டால் உடனே ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றித் துடைத்து எடுங்கள்.

அடுத்தது சூடு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். மாடிப்படி மேல் தகரக் கொட்டகையில் வைத்த பேட்டரி சித்திரை வெயிலில் வெந்துவிடும். கனத்த சுவர் உள்ள இரண்டாம் கட்டு ஓரமோ, வளவை (வீட்டு நடு முற்றத்தை) பார்த்த தாழ்வாரமோ நல்ல இடம். மழைச்சாரல் அடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் மூடிய அறையிலும் பூஜை அறைக்குப் பக்கத்திலும் டியூபுலர் கூடாது. விளக்குச் சுடர் பக்கத்தில் இருக்கவே கூடாது.

வளவுல பிடிச்ச மழைத்தண்ணி சுத்தமாத்தானே இருக்கு, அதைப் பேட்டரிக்கு ஊத்தலாமா?

ஊற்ற வேண்டாம். குடிக்க நல்ல தண்ணீர் வேறு, பேட்டரிக்கு நல்ல தண்ணீர் வேறு. ஓட்டிலும் செம்புக் குழாயிலும் பட்டு வரும் தண்ணீரில் தூசும் உலோகமும் கொஞ்சமாவது கலந்திருக்கும். அது தகட்டில் படிந்து, பேட்டரி சும்மா இருக்கும்போதே சார்ஜை இறக்கும். ஏசி தண்ணீரும் இதே கதைதான். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். அந்த மழைத் தண்ணீரைப் பேனல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது அருமையானது. போர் தண்ணீரில் கழுவினால் உப்புக் கறை கண்ணாடியில் படிந்துவிடும்.

மோட்டார், ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் இன்வெர்ட்டர்ல ஓடுமா?

ஓட வைக்கலாம், ஆனால் சாதாரண 900 வி.ஏ. (இன்வெர்ட்டர் தாங்கும் சுமையின் அளவு) இன்வெர்ட்டரில் ஓடாது. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 746 வாட்டுக்கு மேல் இழுக்கும். கிளம்புகிற நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடியைத் தாங்கும் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும் என்பதுதான் செலவு. ஃப்ரிட்ஜும் கிளம்பும்போது அப்படித்தான். ஒன்றரை டன் ஏசி 1,500 வாட். மேலே சொன்ன பேட்டரியை அரை மணியில் முடித்துவிடும்.

மோட்டாருக்கு எளிய வழி மேல்தொட்டியைப் பெரிதாக வைப்பது. கரண்ட் இருக்கும்போது ஏற்றிய தண்ணீர் எந்த பேட்டரியும் இல்லாமல் இறங்கும். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.

ஓட்டு வீட்டு மேல பேனல் போடலாமா?

நாட்டு ஓட்டின் மேல் ஏறுவதே ஆபத்து. ஓடு உடையும், ஒழுகும், ஒழுகினால் கீழே இருக்கும் தேக்குச் சட்டம் போகும். இப்போது வரும் 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், 27 கிலோவுக்கு மேல் எடை. காற்று அடிக்கும்போது அதைத் தூக்கப் பார்க்கும். நூறு வருட ஓட்டுச் சாய்ப்பு இதற்காகக் கட்டியது இல்லை.

மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த தளம்) போட்ட தட்டைப் பகுதி வீட்டில் இருந்தால் அங்கே, தளத்தைத் துளைக்காமல் கான்கிரீட் கட்டை மேல் சட்டம் நிறுத்தலாம். அதற்கு முன் கட்டுமானம் தெரிந்தவரிடம் தளத்தைக் காட்டுங்கள். என் விருப்பம் பின்கட்டுத் தோட்டம். தரையில் இரும்புச் சட்டம், தெற்குப் பார்த்து 10 டிகிரியை ஒட்டிய சாய்வு. காரைக்குடி 10 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் அது போதும். கழுவவும் கை எட்டும். தென்னை, புளி நிழல் மட்டும் விழக்கூடாது; பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே வரத்து நிறைய இறங்கும். 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று கணக்கு வையுங்கள்.

நம்ம ஊரு வெயிலுக்கு சோலார்ல கொட்டோ கொட்டுன்னு கரண்ட் வருமே?

வெயில் நன்றாகவே இருக்கிறது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்ததே அதனால்தான். ஆனால் பேனலுக்குத் தேவை வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரத்து குறையும். மே மாத மதியத்தில் பேனல் 65 டிகிரிக்குப் போகும். அப்போது ஏழில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். அதனால் பேனலுக்கு அடியில் காற்றோட்டம் இருக்கிற மாதிரி உயர்த்தி வைக்க வேண்டும்.

வருடச் சராசரியாக 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட். பிப்ரவரி, மார்ச்சில் கூட வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நன்றாகக் குறையும்.

சோலார் போட்டிருக்கோம். கரண்ட் போனா அதுவும் நின்னுபோகுது. ஏமாத்திட்டாகளா?

இல்லை. நீங்கள் போட்டிருப்பது பேட்டரி இல்லாத, ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடுகிற வகை. லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் அது தானாக நிற்க வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால் உங்கள் பேனல் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும். கரண்ட் நிறுத்தியிருக்கிறது என்று நம்பி கம்பத்தில் ஏறியவர் உயிர் போகும்.

அந்த வகை பில்லைக் குறைக்க. கரண்ட் போனாலும் விளக்கு எரிய வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். போடும் முன்பே "கரண்ட் போனால் என்னென்ன ஓடும்?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசாங்க மானியம் எவ்வளவு? பேட்டரிக்கும் உண்டா?

2024ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் உச்சம் 78,000 ரூபாய். ஈ.பி. லைனோடு சேர்ந்த அமைப்புக்கும், உள்நாட்டில் தயாரான பேனலுக்கும்தான் மானியம். பேட்டரிக்குக் கிடையாது.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிற நம் மாநிலத்தில், வயதானவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் பில்லே சொற்பமாகத்தான் வரும். அங்கே 3 கிலோவாட் போடுவது வீண். உங்கள் பில்லைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கு. அதோட ஒரு பேனலை மட்டும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், நடுவில் பேனல் கரண்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி அளந்து விடும் சோலார் சார்ஜ் கண்ட்ரோலர் வேண்டும். இதில் பி.டபிள்யூ.எம். என்கிற வகை மலிவு; பேனலின் கூடுதல் வோல்ட்டையும் வீணாக்காமல் மாற்றிக் கொடுக்கும் எம்.பி.பி.டி. வகை விலை கூட. மலிவானதை 540 வாட் பேனலோடு மாட்டினால், பேனலின் 13 ஆம்பியர் பேட்டரியின் 13 வோல்ட்டில் வந்து, 170 வாட்தான் கிடைக்கும். மிச்சம் போனது போனதுதான். பெரிய பேனல் என்றால் எம்.பி.பி.டி.; அதுவும் பேனலின் 49 வோல்ட்டை ஏற்கும் வகையா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள்.

ஆரல்வாய்மொழியில எவ்வளவு காத்தாடி சுத்துது! நம்ம மாடியிலயும் சின்னதா ஒண்ணு வைக்கலாமே?

காற்றாடி வைக்க ஆசைப்படுகிறவர்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. நம் ஊரில் வேண்டாம்.

ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த இடைவெளிகள். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு வருவதால் வேகம் பிடிக்கிறது. செட்டிநாடு மலையிலிருந்தும் கடலிலிருந்தும் விலகிய சமவெளி. காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும்: வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகும். 2 மீட்டர் விட்டமுள்ள காற்றாடிக்குக் கணக்குப் போட்டால், மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் 550 வாட்டை ஒட்டி வரும். 18 கிலோமீட்டரில் 70 வாட். 11 கிலோமீட்டரில் 15 வாட், ஒன்றரை பல்பு. விளம்பரத்தில் போடுவது முதல் எண்ணை. மாடியில் நமக்கு முகத்தில் சுகமாகப் படுகிற காற்று கடைசி எண்ணைச் சேர்ந்தது.

மாடியில் வைத்தால் இன்னொரு தொல்லை. சுற்றியுள்ள கூரையும் மரமும் காற்றைக் கலைத்துவிடும். அதைத் தாண்ட, பக்கத்தில் இருக்கிற உயரமான எதற்கும் மேல் இன்னும் 30 அடி கம்பம் வேண்டும். கட்டடத்தில் நிறுத்தினால் அதிர்வு சுண்ணாம்புச் சுவருக்குள் இறங்கும். அதே காசுக்கு இரண்டு பேனல் கூடப் போட்டால் தினம் 4 யூனிட். தொண்டி பக்கம் கடற்கரையை ஒட்டி, திறந்த வெளியில் நிலம் உள்ளவர்கள் ஒரு வருடம் காற்றின் வேகத்தை அளந்துவிட்டு யோசிக்கலாம்.

புயல் வந்து வாரக் கணக்குல கரண்ட் இல்லைன்னா?

2018 நவம்பரில் கஜா வந்தபோது புதுக்கோட்டைப் பக்கம் இதுதான் நடந்தது. பேட்டரி மட்டும் இருந்த வீடுகளில் முதல் நாளோடு முடிந்தது. வாரம் தாங்க உண்டாக்குகிற ஒன்று வேண்டும். 1 கிலோவாட் பேனலும் இரண்டு 150 ஆம்பியர்-அவர் பேட்டரியும் இருந்தால் விளக்கு, ஃபேன், போன், வைஃபை நிற்காது. புயல் நாளிலும் மறுநாளும் வரத்து மிகக் குறைவு என்பதால் அந்த இரண்டு நாளைக்குக் கையைக் கட்டிச் செலவு செய்ய வேண்டும். பேனல் சட்டத்தின் போல்ட்டுகளை ஒவ்வொரு ஆவணியிலும் இறுக்கிப் பாருங்கள்.

ஆச்சி தனியா இருக்காக, ஆக்சிஜன் மிஷின் வச்சிருக்கு. நாங்க சென்னையில. எதை நம்பறது?

5 லிட்டர் ஆக்சிஜன் கருவி 350 வாட் வரை எடுக்கும், நிற்காமல் எடுக்கும். மேலே போட்ட கணக்கில் ஒரு பேட்டரிக்கு இரண்டு மணி நேரம். ஈ.பி. கரண்ட் போலவே சீரான அலையாகக் கொடுக்கும் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வேண்டும், ஸ்கொயர் வேவ் இதற்கு ஆகாது. இந்தக் கருவிக்கென்று தனி இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் வையுங்கள். வீட்டு ஃபேன், டிவி எதுவும் அதில் சேரக்கூடாது.

எந்த மின் ஏற்பாடும் ஒரு நாள் நிற்கும். அதனால் நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதைத் திறக்கத் தெரிந்தவர் அடுத்த வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். இதை டாக்டரிடமும் பேசிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை மெயினை நிறுத்தி, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீடு பூட்டியே கிடக்கும். பொங்கலுக்கும் படைப்புக்கும்தான் (முன்னோருக்குப் படைக்கிற நாள்) வருவோம். ஒவ்வொரு தடவையும் பேட்டரி செத்துக் கிடக்கு.

சார்ஜ் இறங்கிய நிலையில் கிடக்கும் ஈய பேட்டரியில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். கிளம்பும் நாளில் மெயினை அணைக்கிற பழக்கம்தான் இதற்குக் காரணம். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாட்டி ஒரு நாள் சார்ஜ் ஏற்றட்டும், அப்போதே தண்ணீர் மட்டமும் பார்க்கட்டும். இந்த மாதிரி வீட்டுக்கு, தினமும் புழங்காவிட்டாலும், லித்தியம் பொருத்தம். பாதிச் சார்ஜில் மாதக் கணக்கில் கிடந்தாலும் கெடாது.

ஈ.பி. கனெக்‌ஷன் இன்னும் ஐயா பேர்லயே இருக்கு. வீடு பங்காளிகளுக்குப் பொது. சோலார் மானியம் கிடைக்குமா?

மானியத்துக்கு விண்ணப்பிப்பவர் பெயரும் ஈ.பி. இணைப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் பெயர் மாற்றம், அதற்கு வாரிசுச் சான்றும் மற்றப் பங்காளிகளின் சம்மதமும். எல்லோரும் படைப்புக்குக் கூடும்போது பேசிக் கையெழுத்து வாங்குவதுதான் நடக்கிற வழி. அது முடியும் வரை, ஈ.பி. லைனுக்குக் கரண்ட் அனுப்பாத சிறிய பேனல்-பேட்டரி அமைப்பை மானியம் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம். பேனல் நிற்கும் இடம் யார் பங்கு என்பதை மட்டும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

இன்வெர்ட்டர் மாட்டினதுலேருந்து ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிக்கிட்டே இருக்கு. பழைய வயரிங்தான் காரணமா?

ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் தானாக இறங்கி உயிரைக் காக்கும் சுவிட்ச். அது இறங்க இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மற்ற லைன்களின் நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருப்பது. போகிற கரண்ட் ஒரு வழி, திரும்புகிற கரண்ட் வேறு வழி என்றானால் ஆர்.சி.சி.பி. அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு இறங்கும். இரண்டாவது நிஜமாகவே கசிவு. மரச் சட்டத்துக்குள் ஓடும் பழைய ஒயரின் ரப்பர் உறை கையில் தொட்டாலே மாவாக உதிர்கிற நிலையில் இருக்கும். ஒயரின் உறை காக்கிறதா என்று சோதிக்கும் மெக்கர் கருவி வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சுவரை வெட்டி வயரிங் செய்ய வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சை ஒரு தடவை வெட்டினால் அந்த மெருகு திரும்பி வராது. இன்வெர்ட்டருக்கு வேண்டிய சில புள்ளிகளுக்கு மட்டும், உத்தரத்தின் மேல் பக்கமாக, தனி நியூட்ரலோடு புது ஒயர் இழுத்தால் போதும். கீழிருந்து பார்த்தால் தெரியாது.

கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் எடுக்கிறோம். அதை ஒரு பிளக்குல சொருகி வீடு பூரா கரண்ட் எடுத்துக்கலாமா?

கூடவே கூடாது. இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயர் எந்த வீட்டிலும் இருக்கக்கூடாது. வெளியே தெரியும் பின்னில் 230 வோல்ட் நிற்கும். மெயினை அணைக்க மறந்தால் ஜெனரேட்டர் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும். சோலார் ஏன் தானாக நிற்கிறது என்று மேலே சொன்ன அதே ஆபத்து. ஈ.பி. திரும்பி வந்தால் ஜெனரேட்டரும் வீட்டுச் சாமானும் ஒன்றாக எரியும்.

மீட்டருக்கு அடுத்து ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டு வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் சேரும், மறதிக்கு இடமே இல்லை. ஒரு தடவை போட்டால் கல்யாணம், படைப்பு, புயல் எல்லாவற்றுக்கும் ஆகும். ஜெனரேட்டரை முகப்பிலோ வளவிலோ வைக்காமல் பின்வாசலுக்கு வெளியே வையுங்கள். அதன் புகையில் வாசமே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. இன்வெர்ட்டருக்கும் ஜெனரேட்டர் வழியே சார்ஜ் ஏற வேண்டும் என்றால், இன்வெர்ட்டரில் பரந்த வோல்டேஜ் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெனரேட்டரின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து அது சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும்.